காய்ந்த தெரு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரேஷன் கடைக்காரரிலிருந்து எங்கள் அறக்கட்டளையின் டிரஸ்டி வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. அப்பேர்ப்பட்ட வாய், பேச வேண்டிய ஒரே ஒரு நாளில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

என் பெயர் சாபிரா. அறக்கட்டளையில் நான் கள ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிசு. வெள்ளம் வந்தால் பொட்டலம் கட்டுவேன், வராவிட்டால் வந்த வெள்ளத்தைப் பற்றி ரிப்போர்ட் எழுதுவேன். விம்கோ நகரில் ரயில் பாதையைத் தாண்டினால் கால்வாயை ஒட்டி ஒரு தெரு இருக்கிறது. மொத்தம் நாற்பத்தோரு வீடுகள். அந்தத் தெரு என் பொறுப்பு.

ஒரு டிசம்பர் வெள்ளத்தில் கால்வாய்த் தண்ணீர், ஆலையிலிருந்து கசிந்த எண்ணெயோடு சேர்ந்து வீடுகளுக்குள் வந்தது. வடிந்த பிறகு எல்லாச் சுவரிலும் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு நின்றது. சோப்பு, மண்ணெண்ணெய், எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதற்கப்புறம்தான் ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்கள் மூலமாக அந்தத் தெருவுக்கு ஒரு டீசல் மோட்டார் கொடுத்தது. தெருவில் தேங்கும் தண்ணீரை இறைத்துக் கால்வாயில் விடுகிற மோட்டார். சக்கரம் வைத்த வண்டியில் உட்கார்ந்திருக்கும்.

அதை ஓட்டியவர் கோதண்டம் அண்ணன். மூடிப்போன ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை, சம்பளமும் கிடையாது. மோட்டார் வந்து இறங்கிய அன்றைக்கே பழைய பனியன் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து துடைக்க ஆரம்பித்துவிட்டார். பழைய ஃப்ளெக்ஸ் பேனரில் அதற்கு ஒரு உறை. வாரத்துக்கு ஒருமுறை சும்மா ஓட்டிப் பார்ப்பார். அந்தச் சத்தம் கேட்டால் அவர் மனைவி பச்சையம்மா, "தோ, ரெண்டாவது சம்சாரம் எந்திரிச்சிட்டா" என்பாள். தெருவே சிரிக்கும். அந்த வருஷம் கோடை மழையிலும் ஆடி மழையிலும் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்கூடத் தண்ணீர் ஏறவில்லை.

அவர்கள் மகள் கார்குழலி. மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில் கணினி வேலை. லீவு நாளெல்லாம் என்னோடு சேர்ந்து களப்பணி. பேச்சு குறைவு, பார்வை கூர்மை. என்னை நேருக்கு நேர் மறுத்துப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மெயில் வந்தது. உதவி கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வருகிறார், உள்ளூர்க் களப்பணியாளர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறார், இடத்தையும் பார்வையிடுவார். அவர் வருவதற்கு மூன்று நாள் முன்னால் மழை அடித்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சாக்கடை கலந்த, கறுத்த தண்ணீர்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினேன். இரண்டு நாளில் தெரு காய வேண்டும். மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். பிளீச்சிங் பவுடர் போடுங்கள். சுவரில் இருக்கிற கறுப்புக் கோட்டுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள்.

கார்குழலி மட்டும் எழுந்து நின்றாள். "தண்ணி அப்டியே கெடக்கட்டும்க்கா. பார்க்கத்தானே வர்றாரு? பார்க்கட்டும்."

"வூட்டுக்கு ஒரு மனுஷன் வர்றாருன்னா இப்டி கலீஜாவா வெச்சுகினு இருப்பாங்க?" என்றேன். "நம்ப தெருவ எவனாவது மூக்கப் பொத்திகினு பார்க்கணுமா? எனக்கு மானம் போவும்."

"சாபிராம்மா சொல்றது கரீட்டு" என்றார் கோதண்டம் அண்ணன். "வர்றவங்க நம்பள மதிச்சு வர்றாங்க. நாம சோக்கா நிக்க வாணாமா?"

கார்குழலி உட்கார்ந்துவிட்டாள். அப்பா பேசிவிட்டால் அவள் அதற்குமேல் பேச மாட்டாள். எனக்கு அன்றைக்கு அது வெற்றி மாதிரி இருந்தது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இரண்டு நாள் மோட்டார் ஓடியது. கோதண்டம் அண்ணன் சாப்பிடவும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தெரு காய்ந்தது. நாற்பத்தோரு வாசலிலும் கோலம். தன் வீட்டுச் சுவருக்கு அவரே இரண்டு கை சுண்ணாம்பு அடித்தார். வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்து வாசலில் போட்டார்.

வந்தவர் உயரமான வெள்ளைக்காரர். நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கோதண்டம் அண்ணன் கொடுத்த பன்னீர் சோடாவை வாங்கிக் குடித்தார். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். ஷூவில் ஒரு பொட்டுச் சேறு ஒட்டவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் ஒரே கேள்வி கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். இப்போது நிலைமை எப்படி இருக்கிறது?

நல்லா கீது என்றார்கள். ஒருத்தர் விடாமல் எல்லோரும் அதையே சொன்னார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? கார்குழலியின் முறை வந்தபோது அவள் என்னைப் பார்த்தாள். நான் புருவத்தைச் சுருக்கினேன். "நல்லா கீதுங்க" என்றாள். கடைசியில் அவர் கோதண்டம் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அதைப் போனில் படம் எடுத்தேன்.

ரிப்போர்ட் வந்தது. முன்மாதிரியான தெரு என்று எழுதியிருந்தார்கள். அதைத் தெருவில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், கை தட்டினார்கள், பச்சையம்மா மசால் வடை சுட்டாள். கடைசிப் பத்தியில் இன்னும் ஒரு வரி இருந்தது. இங்கே தண்ணீர் தேங்கும் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்டதால் மோட்டாரைத் தேவை அதிகமுள்ள வேறு மாவட்டத்துக்கு மாற்றலாம் என்று.

இரண்டு வாரத்தில் அதை ஏற்றிப்போக லாரி வந்தது. நான் மேலே இருப்பவர்களுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நீங்களே காட்டினதுதானே மேடம்" என்றார்கள். போனை வைத்துவிட்டேன். கோதண்டம் அண்ணன்தான் மோட்டாரை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார். டிரைவரிடம், "கயித்த மொத தபா இஸ்தா எந்திரிக்க மாட்டா. ரெண்டாவது தபா இஸ்தாதான் எந்திரிப்பா. அங்க இருக்கறவங்க கைல சொல்லிடு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வுடும்மா, அங்கயும் ஜனம்தானே" என்றார்.

டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு நாள் விடாத மழை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். மோட்டார் இருந்திருந்தால் முதல் நாளே இறைக்க ஆரம்பித்திருப்போம். அது இல்லை. தெருத்தண்ணீர் கால்வாயில் போய் விழுகிற இடத்தில் ஒரு குழாய் வாய் இருக்கிறது. அதில் பிளாஸ்டிக் அடைத்திருந்தது. காலை ஒன்பது மணிக்குக் கோதண்டம் அண்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் சோற்றுப் பொட்டலத்தோடு தெருக்கோடியில் நின்று, "அண்ணா, ஏறி வாங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் கையைக் காட்டினார், ஒரு நிமிஷம் என்று. அடைப்பு ஒரேயடியாக உடைந்தது. தண்ணீர் அவரையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மதியம்தான் கிடைத்தார், கால்வாயில் இருநூறு அடி தள்ளி. மூலக்கொத்தளம் மயானத்தில் அவர் அப்பா அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவரையும் புதைத்தோம்.

கார்குழலி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னேனே அக்கா என்று ஒரே ஒரு தடவை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பச்சையம்மாவுக்கோ விஷயமே வேறு மாதிரி பதிந்திருந்தது. அவளைப் பொறுத்தவரை மோட்டார் போனதற்கும் நாங்கள் தெருவைக் காயவைத்ததற்கும் சம்பந்தமே இல்லை. வேறு ஊரில் தேவைப்பட்டது, எடுத்துப்போனார்கள், அவ்வளவுதான். நான் எடுத்த படத்தைப் பெரிசாகப் பிரின்ட் போட்டு ஃபிரேம் செய்து, சுண்ணாம்பு அடித்த சுவரில் மாட்டியிருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அந்தப் படத்தைக் காட்டினாள். "வெள்ளைக்காரன் நம்ப தெருவப் பார்த்துட்டு எங்க வூட்டுக்காரருக்குக் கை குடுத்துட்டுப் போனான்" என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கொஞ்சம் தெம்பு வரும். அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஒன்பது மாதம் பேசாமல் இருந்தேன்.

மறுபடியும் செப்டம்பர் வந்தது. மறுபடியும் மெயில். இந்தத் தடவை பெங்களூரிலிருந்து ஜெயஸ்ரீ என்று ஒரு பெண். ஆராய்ச்சிக்காரி. பல ஊர்களில் உள்ளூர்க் களப்பணியாளர்களைச் சந்தித்து அவர்கள் சொல்வதை அப்படியே பதிவுசெய்து மேலே கொடுப்பது அவள் வேலை. போனில் பேசினாள், நல்ல தமிழ். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "மேடம், நாங்க சொன்னா மோட்டார் திரும்ப வருமா?"

"முடிவு என் கையில் இல்லை. ஆனால் இந்த மழைக்கு முன்னால் எந்தெந்த இடத்துக்கு எதை அனுப்புவது என்பதை என் அறிக்கையை வைத்துத்தான் பேசப்போகிறார்கள்."

அது போதும் எனக்கு. அவள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் மழை பெய்து, தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேங்கிய தண்ணீரைப் பார்த்து அல்லாவுக்கு நன்றி சொன்னேன். வீடு வீடாகப் போனேன். யாரும் தண்ணீரை இறைக்கக் கூடாது. கோலம் கூடாது. வாசலில் எது மிதந்தாலும் மிதக்கட்டும். ஏன் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பச்சையம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டாள். "சரி பாயம்மா" என்று தலையாட்டினாள்.

கண்டெய்னர் லாரி நெரிசலில் ஜெயஸ்ரீயின் கார் சிக்கி, வந்து சேரப் பதினொரு மணி ஆகிவிட்டது. அவளை அழைத்துக்கொண்டு தெருவுக்குள் திரும்பினேன்.

தெரு காய்ந்திருந்தது.

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகப் படிந்திருந்தது. நாற்பத்தோரு வாசலிலும் கோலம். பச்சையம்மா வீட்டு வாசலில் அதே நாற்காலி, துடைத்து, மேலே ஒரு துண்டு விரித்து. அவள் ஈரப் புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து கன்றியிருந்தன.

கார்குழலி என் காதருகே வந்தாள். "அம்மா விடியக்காலைல எந்திரிச்சு பிளாஸ்டிக் கொடத்துல மொண்டு மொண்டு கால்வாயில ஊத்திகினு இருந்துச்சுக்கா. வாணாம்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கல. ஒத்தைல மொண்டுகினு இருக்கறதப் பார்த்துட்டு அப்பால எல்லாரும் வந்துட்டாங்க."

நான் பச்சையம்மாவைப் பார்த்தேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்பது மாதிரி சிரித்தாள். "கோச்சுக்காத பாயம்மா. அவரு இருந்தா இப்டி வுட்டிருப்பாரா? அவரு பேரக் கெடுக்க எனக்கு மனசு வரல."

அவளைத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொண்டு அழவும் முடியவில்லை.

ஜெயஸ்ரீ நாற்காலியில் உட்காரவில்லை. பச்சையம்மாவைத்தான் உட்காரவைத்தாள், தான் படியில் உட்கார்ந்தாள். போனை நடுவில் வைத்தாள். "எல்லோரும் சொல்லுங்கள். நான் குறுக்கே பேச மாட்டேன்" என்றாள். முதலில் எதிர்வீட்டு வரதன் சொன்னான். "நல்லா கீது மேடம்." அடுத்தவரும் அதையே சொன்னார். எனக்கு அந்தப் பழைய நாள் அப்படியே திரும்ப வந்தது. ஜெயஸ்ரீ காய்ந்த தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினாள்.

இன்னும் இரண்டு பேர் நல்லா கீது என்று சொன்னால் மோட்டார் வராது. ஐப்பசி பிறந்தால் மழை. அடுத்து யார் கடப்பாரையோடு இறங்குவார்கள்? வரதனா? கார்குழலியா? பேசினாலோ, பச்சையம்மாவின் முகத்துக்கு எதிரில்தான் பேச வேண்டும். தள்ளிக் கூட்டிப்போய் ரகசியமாகச் சொல்லலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நினைப்பே எனக்கு அருவருப்பாக இருந்தது. பூசி மெழுகியதில்தானே ஒரு உயிர் போனது.

"நான் சொல்றேன் மேடம்" என்றேன். "இந்தத் தெருவ நம்பாதீங்க. நேத்து சாயந்தரம் வரைக்கும் இங்க கணுக்காலுக்கு மேல தண்ணி. உங்களுக்காகத்தான் காய வெச்சிருக்காங்க. போன வருஷமும் இப்டித்தான். முட்டி வரைக்கும் தண்ணி நின்னுச்சு. வர்றவங்களுக்கு மரியாதைன்னு நான்தான் காய வைக்கச் சொன்னேன். வந்தவரு காஞ்ச தெருவப் பார்த்தாரு, தேவையில்லன்னு எழுதினாரு, மோட்டார் போச்சு. மோட்டார் இல்லாததாலதான் கோதண்டம் அண்ணன் அடைப்பு எடுக்கத் தண்ணில எறங்கினாரு. திரும்பி வரல."

ஜெயஸ்ரீ எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

பச்சையம்மா மெதுவாகக் கேட்டாள். "அப்ப நாங்க பெருக்கி வெச்சதாலதான் மோட்டாரு போச்சா?"

"ஆமா" என்றேன்.

"அதுனாலதான் அவரு பூட்டாரா?"

"நான் சொல்லித்தான் பெருக்குனீங்க. தப்பு என்னுது. உங்களுது இல்ல, அண்ணனுது இல்ல. கார்குழலி அன்னிக்கே வாணாம்னு சொல்லுச்சு. நான்தான் வாய அடைச்சேன்."

அவள் மகளைப் பார்த்தாள். கார்குழலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்குத் தெரியுமா?" என்றாள் பச்சையம்மா. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பச்சையம்மா எழுந்து உள்ளே போனாள். அழப்போகிறாள் என்று நினைத்து நானும் பின்னால் போனேன், ஜெயஸ்ரீயும் வந்தாள். அவள் அழவில்லை. சமையல் மேடையிலிருந்து தோசைக் கரண்டியை எடுத்தாள். சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தைக் கழற்றிக் கட்டில்மேல் கவிழ்த்து வைத்தாள். அது இருந்த இடத்தில் கரண்டியை வைத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். கோதண்டம் அண்ணன் தன் கையால் அடித்த சுண்ணாம்பு பொடிப்பொடியாக அவள் காலடியில் விழுந்தது. நான் தடுக்கக் கையை நீட்டினேன். தோளால் என்னைத் தள்ளிவிட்டாள். முதலில் சாம்பல் நிறம் தெரிந்தது. பிறகு கறுப்பு. ஒரு முழ நீளத்துக்கு அந்தக் கோடு வெளியே வரும்வரை அவள் நிறுத்தவில்லை.

"எழுதிக்கோ கண்ணு" என்றாள் ஜெயஸ்ரீயிடம். கோட்டில் கையை வைத்துக் காட்டினாள். அது அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. "இம்மாம் ஒசரம் தண்ணி வந்துச்சு. நல்லா எழுதிக்கோ. நாங்க நல்லா இல்ல."

ஜெயஸ்ரீ எழுதிக்கொண்டாள். சுவரையும் படம் எடுத்துக்கொண்டாள். போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள்.

ஐப்பசி இரண்டாவது வாரம் மோட்டார் வந்தது. அதே மோட்டார்தான். வேறு ஊர்ச் சேறு ஒட்டி, ஒரு பக்கம் நசுங்கி. அண்ணன் செய்த ஃப்ளெக்ஸ் உறை இல்லை. நாலு நாள் கழித்துப் பெருமழை அடித்தது. காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர். கார்குழலி மோட்டார் பக்கத்தில் நின்றிருந்தாள். கயிற்றை இழுத்தாள், எழவில்லை. இரண்டாவது தடவை இழுத்தாள். எழுந்துகொண்டது.

அந்தச் சத்தம் கேட்டதும் பச்சையம்மா வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் போடும் ஓசையும் கேட்டது.

"அம்மாவால அந்தச் சத்தத்தக் கேக்க முடியலக்கா" என்றாள் கார்குழலி. என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மூன்று மணி நேரத்தில் தெரு வடிந்துவிட்டது. அந்த மழையில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை, ஒருவரும் கடப்பாரையைத் தொடவில்லை. நான் பச்சையம்மா வாசலில் போய் நின்று, "அண்ணி, தண்ணி வடிஞ்சிடுச்சு" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். கார்குழலி மோட்டாரை நிறுத்தினாள். தெருவில் சத்தமே இல்லாமல் போனது. அதற்கப்புறமும் அந்தக் கதவு திறக்கவில்லை.